பூட்டுக்கு மெருகேற்றுதல்: திராவக முறையும் மின்சார முறையும்

கார்த்திகைத் தீபத்துக்கு முன்னாள், திண்டுக்கல் சமவெளியின் கிராமங்களில் பித்தளைக் குத்துவிளக்குகள் யாவும் முற்றத்துக்கு வந்துவிடும். கறுத்து மங்கிக் கிடந்த விளக்கின்மேல் கரைத்த பழம்புளியைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் அது புதிதாய் வார்த்தது போல் ஒளிர்வதை யாவரும் அறிவர். இவ்வொளி கையின் வலிமையால் மட்டும் உண்டாவதன்று. புளியில் டார்டாரிக் அமிலம் என்னும் புளிப்புச் சத்து உண்டு. பித்தளையின்மேல் காற்றும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கிய கறுப்பையும் களிம்பையும் அது கரைத்துவிடுகிறது; அடியிலுள்ள உலோகத்தை ஏறக்குறையத் தீண்டுவதில்லை. கரைந்ததைத் துடைத்தெடுப்பது மாத்திரமே நாரின் வேலை. ஆகவே இரசாயன முறையால் உலோகத்தை விளக்குவது மேல்நாட்டார் வந்து கற்பித்த வித்தை என்று கருத வேண்டுவதில்லை.

ஆனால் துலக்குவது வேறு, மெருகேற்றுவது வேறு. துலக்குதல் அழுக்கை நீக்குகிறது. மெருகேற்றுதல் உலோகத்தையே நீக்குகிறது. ஒரு தகட்டில் முகம் தெரிய வேண்டுமானால் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்கள் சமனாக வேண்டும். மேடு பள்ளமுள்ள பரப்பில் விழும் வெளிச்சம் நாற்புறமும் சிதறிப் போகிறது. சமனான பரப்பில் விழுவது ஒரே ஒழுங்காய்த் திரும்புகிறது. மேட்டை அரத்தால் எடுத்தாலும், தூளால் எடுத்தாலும், திராவகத்தாலோ மின்சாரத்தாலோ கரைத்தாலும், உலோகத்தில் ஒரு பகுதி போயே தீரும். எவ்வளவு போகிறது, எவ்விடத்தினின்று போகிறது, போனது எங்கே சென்று சேருகிறது என்னும் மூன்று விஷயங்களையும் விசாரியாமல் தொட்டியும் திராவகமும் வாங்கும் சங்கம், சரக்கையும் கெடுத்துக்கொள்ளும், ஆட்களையும் கெடுத்துக்கொள்ளும்.

இவ்விசாரம் திண்டுக்கல்லுக்கு விசேஷமாய் உரியது. நகரிலும் அதைச் சூழ்ந்துள்ள கிராமங்களிலும் பல தலைமுறைகளாக நடந்துவரும் பூட்டுத் தொழில், பெரும்பாலும் வீட்டுக் கூடத்திலும் கொட்டகையிலும் கையாலேயே செய்யப்படுவது. மாங்காய்ப் பூட்டு முதற்கொண்டு கோயிற் கதவுக்குரிய பெரும் பூட்டு வரையில் அவ்வூர்ப் பட்டறைகளினின்று வெளிவந்துள்ளன. பூட்டு, இரும்புச் சாமான், எஃகுத் தளவாடத் தொழிலாளரின் தொழிற் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்ததன் பேரில், திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. விற்பனைக்கு அவ்வளவு எளிதாய் வரவில்லை. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டு விலை குறைந்தது, பார்வைக்கும் பளபளப்பானது. கடைக்காரர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும்போது, உள்ளே எத்தனை லீவர் இருக்கின்றன என்று கேட்போர் சிலரே. மேற்பூச்சைக் கண்டு எடுத்துப் போவோரே பலர். அதனால் “நாமும் ஆசிட் பாலீஷ் செய்தால் என்ன, கரண்ட் பாலீஷ் செய்தால் என்ன” என்னும் பேச்சு தொழிலாளர் நடுவே எழுவது இயல்பே.

கையால் தேய்க்கும் முறை

திராவகத்துக்கும் மின்சாரத்துக்கும் போகுமுன் பழைய முறை செய்வது யாது என்று அறிவது நலம். அரம் போட்ட தகட்டில் அரத்தின் பற்கள் கீறிய கோடுகள் இருக்கும். அவற்றைப் பருந்தூளால் தேய்த்தால் கோடு மெலியும். நடுத்தரத் தூளால் பின்னும் மெலியும். மிக நுண்ணிய தூளைப் பூசிச் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்தால் கண்ணுக்குப் புலப்படாமற் போகும். இதற்கு உதவும் தூள்களில் முதன்மையானது குருந்தக்கல். ஆங்கிலேயர் அக்கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் தமிழ்க் குருந்தத்தினின்றே சென்றது. இந்நாட்டார் அதன் குணத்தை எவ்வளவு முற்காலத்தில் அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

துணிச் சக்கரத்தின் வேலையை உழவர் ஒரு உவமையால் எளிதில் உணரலாம். உழுத சேற்று வயலில் பரம்படிக்கும்போது மேட்டு மண்ணில் கொஞ்சம் அப்புறப்படுகிறது, கொஞ்சம் பள்ளத்தில் சென்று அமர்கிறது. சக்கரமும் அவ்வாறே. உலோகத்தைச் சிறிது சீவுகிறது, சிறிது இழுத்துப் பூசுகிறது. அதனால் மேல்தோல் நெரிந்திருக்கும். தூளின் மணிகள் சில உள்ளே புதைந்தும் கிடக்கும். விளிம்புகள் கூர் மழுங்கும். வெட்டிய எழுத்துக்களின் அடியும் துளைகளின் உட்புறமும் சக்கரத்துக்கு எட்டா. மூக்கையும் வாயையும் மூடாமல் நாள் முழுதும் சக்கரத்தருகே இருப்போர் அத்தூளையே சுவாசிக்கின்றனர் என்பதையும் குறைகளில் சேர்த்தே எண்ண வேண்டும். இவ்வளவு குறையிருந்தும், ஆழமான கீறலைப் போக்குவதற்கு இம்முறைக்கு ஈடு வேறில்லை.

திராவக முறை

பித்தளைக்கு நெடுநாளாய் வழங்கும் திராவக மெருகில் இரண்டு திராவகங்கள் கலந்திருக்கும். ஒன்று கந்தகத் திராவகம். மற்றொன்று கடைகளில் நைட்ரிக் ஆசிட் என்று விற்கப்படும் வெடியுப்புத் திராவகம். இவற்றுடன் சொற்ப அளவு சோற்றுப்பையோ உப்புத் திராவகத்தையோ சேர்ப்பதுண்டு. எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவிய தகட்டை இதில் சில விநாடிகள் முக்கியெடுத்து உடனே தண்ணீரில் அமிழ்த்தினால் பளிச்சென்று மஞ்சள் ஒளி தோன்றும். வேலை முடிவது கண் இமைக்கும் நேரத்தில். மயக்கமும் அங்கேதான் பிறக்கிறது. விநாடி சில கூடினால் ஒளி போய்ச் சொரசொரப்பு வந்துவிடும். புளி களிம்பை மட்டும் கரைப்பது. வெடியுப்புத் திராவகமோ உலோகத்தையே உண்பது. இரண்டுக்கும் உள்ள பேதம் ஆட்டுக்குட்டி மேய்வதற்கும் தீப்பற்றுவதற்கும் உள்ளதைப் போன்றது.

பூட்டு செய்வோர் இம்முறையில் இடறக்கூடிய இடங்கள் சில உள. முதலாவது, பொருத்தி முடித்த பூட்டை அப்படியே திராவகத்தில் முக்கக் கூடாது. ஆணி அறைந்த இடங்களிலும் தகடுகள் சேரும் இடுக்குகளிலும் திராவகம் புகுந்து ஒளிந்துகொள்ளும். எவ்வளவு அலசினாலும் முழுதும் வெளிவராது. அன்று பளபளத்த பூட்டு, கடையில் இரண்டு மாதம் இருந்தபின் உள்ளிருந்து துருவும் பச்சைக் களிம்புமாய்க் கசியத் தொடங்கும், சாவி திரும்பாது. வார்ப்புப் பித்தளையில் இயற்கையாகவே நுண்துளைகள் இருப்பதால், தனித் துண்டாய் முக்கினாலும் அங்கங்கே இவ்வாறு புள்ளி தோன்றுவதுண்டு. தகட்டிலிருந்து வெட்டிய துண்டுக்கு இக்குறை அரிது.

இரண்டாவது, இரும்பும் பித்தளையும் ஒரே தொட்டியில் இறங்கக் கூடாது. பித்தளை முக்கிய திராவகத்தில் செம்பு கரைந்து நிற்கும். அதில் ஓர் இரும்பு ஆணி விழுந்தாலும் போதும். இரும்பு கரைந்து, அதற்கு ஈடாகச் செம்பு வெளிப்பட்டு, ஆணியின்மேலும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பித்தளையின்மேலும் சிவப்பாய்ப் படியும். கலவை கெட்டுவிட்டது என்று அதைக் கொட்டுவோர் உண்டு. உண்மையில் கெடுத்தது இரும்பு. துண்டுகளைக் கோத்துத் தொங்கவிடும் கம்பி இரும்பாயிருப்பதும் இதே தவறுதான்.

மூன்றாவது சுருள்வில்லைப் பற்றியது. இரும்பின் துருவை நீக்க உப்புத் திராவகத்தில் ஊறவைப்பது வழக்கம். அங்ஙனம் ஊறும்போது ஹைட்ரஜன் என்னும் வாயு பிறக்கிறது. அதில் மிகச் சிறு பகுதி உலோகத்தின் உள்ளேயே புகுந்து தங்கிவிடும். மெதுவான இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். கடினமாகப் பதமிட்ட எஃகு பொறாது. இழுபட்டு நிற்கும் வில், யாரும் தொடாமலே சில நாள் கழித்து முறிந்துபோகும். பூட்டின் வில் முறிந்தால் வாங்கினவர் எஃகைக் குறைகூறுவார். எஃகு விற்றவர் பதமிட்டவரைக் குறைகூறுவார். திராவகத் தொட்டியை நினைப்பார் ஒருவருமிலர். ஊறவைத்தே ஆகவேண்டுமாயின், எடுத்த உடனே சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சில மணி நேரம் வைத்து வாயுவை வெளியேற்ற வேண்டும். வில்லைத் திராவகத்தில் போடாமலிருப்பது அதினும் எளிது.

இனிச் சொல்வது சரக்கைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. வெடியுப்புத் திராவகத்தில் பித்தளையை முக்கியவுடன் செங்கபில நிறமான புகை எழும். மூக்கில் உறைப்பு, சிறிது இருமல், கண்ணெரிச்சல் ஆகியவற்றோடு அது தீர்ந்துவிட்டதாகவே வேலைக்காரர் எண்ணுவர். வெளியே வந்து காற்று வாங்கினால் உடம்பு தெளிந்ததாகத் தோன்றும். வீட்டுக்குப் போய் உணவுண்டு படுப்பர். பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் காணும். இடையில் நோயின் அறிகுறி இல்லாமையே இப்புகையின் வஞ்சகம். ஆதலால் இப்புகையை மிகுதியாக உட்கொண்டவர் எவ்வளவு சுகமாய் இருப்பதாகச் சொல்லினும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நடந்ததை டாக்டரிடம் கூறி, ஒரு நாளாவது அவர் பார்வையில் இருக்கச் செய்ய வேண்டும். வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் இவ்வேலையைச் செய்வது அறவே கூடாது. அங்கே உறங்கும் குழந்தைகளுக்குப் புகையின் நிறம் தெரியாது. மேலிருந்து பொத்தென்று வீசும் விசிறியும் போதாது. தொட்டியின் விளிம்பிலேயே புகையை இழுத்து வெளியேற்றும் குழாயும் விசிறியும் அமைந்த கொட்டகை வேண்டும்.

வெடியுப்புத் திராவகத்துக்குப் பதிலாகக் கந்தகத் திராவகத்துடன் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்த்த கலவைகளும் வழக்கத்திலுள்ளன. செங்கபிலப் புகை அவற்றில் எழுவதில்லை. ஆனால் அவை சூடேறினால் வீணாகும். கரைந்த செம்பு மிகுந்தாலும் விரைவில் சிதையும். சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகே இருத்தல் வேண்டும்.

எந்தத் திராவகமாயினும், தண்ணீரில் திராவகத்தைச் சிறிது சிறிதாய் விடவேண்டுமே யன்றித் திராவகத்தில் தண்ணீரை விடலாகாது. கந்தகத் திராவகத்தின்மேல் விழும் தண்ணீர் அக்கணமே கொதித்து, திராவகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். மேனியில் பட்டால் கால் மணிக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சுண்ணாம்பு தரைக்குரிய மருந்து, தோலுக்குரியதன்று.

மின்சார முறை

மின்முலாம் பூசுவதை அறிந்தோர்க்கு மின்சார மெருகு விளங்குவது எளிது. முலாம் பூசும் தொட்டியில் சாமானை எதிர்த்துருவத்தில் மாட்டுகின்றனர். உலோகம் வந்து அதன்மேல் படிகிறது. அதே சாமானை நேர்த்துருவத்தில் மாட்டினால் உலோகம் அதனின்று புறப்பட்டுப் போகிறது. முலாம் வரவு, மெருகு செலவு. பியர் ஜாக்கே என்னும் பிரெஞ்சுக்காரர், பாஸ்பாரிக் அமிலத்தில் செம்பை நேர்த்துருவமாகத் தொங்கவிட்டு, தக்க அளவு மின்சாரம் செலுத்தினால் அது கண்ணாடிபோல் ஒளிர்வதைக் கண்டு, 1930-க்கு அடுத்த சில ஆண்டுகளில் அம்முறையை உலகறியச் செய்தார். செம்பு, பித்தளை ஆகியவற்றுக்கு இன்றும் பாஸ்பாரிக் அமிலமே முதன்மையானது. துருவேறா எஃகுக்கு அதனுடன் கந்தகத் திராவகமும் சேரும்.

மேடு மட்டும் கரைந்து பள்ளம் தங்குவது எப்படி என்னும் ஐயம் எழலாம். உலோகம் கரையும்போது தகட்டை ஒட்டி, பாகு போன்ற கெட்டித் திரவப் படலம் ஒன்று உண்டாகிறது. நீர் நிற்கும் வயலில் வரப்பு நீர்மட்டத்துக்குச் சற்றே கீழிருக்க, சால்களின்மேல் நீர் ஆழமாய் நிற்பதைப் போல, அப்படலம் மேட்டின்மேல் மெல்லியதாயும் பள்ளத்தில் தடித்தும் இருக்கும். தடித்த படலத்தினூடே கரைந்த உலோகம் வெளியேறுவது தாமதம்; மெல்லியதனூடே விரைவு. ஆகவே மேடு விரைவாய்த் தேய, பள்ளம் காத்திருக்கிறது. பரம்படிப்பதைப்போல் இங்கே எதுவும் இழுபடுவதில்லை, நெரிவதுமில்லை, தூள் புதைவதுமில்லை. மின்சார அளவு குறைந்தால் படலம் அமையாமல் தகடு மங்கிச் சொரசொரக்கும். மிகுந்தால் குமிழிகள் கிளம்பிக் குழி விழும். இரண்டுக்கும் நடுவே உள்ள சிறிய இடைவெளியில்தான் மெருகு உண்டு. அதைக் காட்டுவதற்கு வோல்ட் மானியும் ஆம்பியர் மானியும் இல்லாத தொட்டி, கடிவாளமில்லாத குதிரை.

மின்சார முறைக்கு மற்றெதற்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு: எவ்வளவு உலோகம் போயிற்று என்று கணக்குப் பார்த்துச் சொல்லிவிடலாம். மைக்கேல் பாரடே 1834-இல் வெளியிட்ட விதியின்படி, ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் செம்பில் ஏறக்குறைய 1.19 கிராம் கரையும், துத்தநாகத்தில் 1.22 கிராம்; பித்தளையில் இரண்டும் கலந்து சுமார் 1.2 கிராம். இப்பொழுது நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பூட்டுத் தகட்டுக்குப் பத்து ஆம்பியர் வீதம் பத்து நிமிஷம் மின்சாரம் விடப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். கரைந்த பித்தளை 2 கிராம். அதைப் பரப்பு முழுதும் பங்கிட்டால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டே கால் பங்குக்குச் சற்று மேல். தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம்.

மேல்தகட்டுக்கு இது அற்பம். உள்ளே இருக்கும் லீவருக்கு அற்பமன்று. ஆறு லீவர்கள் அடுக்கிய பூட்டில், ஒவ்வொன்றும் இருபுறமும் இவ்வளவு தேய்ந்தால், அடுக்கு முழுதும் கால் மில்லிமீட்டருக்கு மேல் தளர்ந்துவிடும். சாவி ஆடும், அடுத்தவன் சாவியும் ஒருவேளை திரும்பும். கைத்தொழிலாளர் அரத்தால் ஓரிழை ஓரிழையாய்ப் பார்த்துப் பொருத்திய நுட்பம், ஒளிக்காகக் கரைந்துபோகிறது. அவ்வொளியையோ பூட்டின் வயிற்றுக்குள் காண்பார் யார்? ஆதலால் மெருகு வெளியே தெரியும் தகட்டுக்கும், பிடிக்கும், சாவித்துளையை மூடும் மூடிக்கும் உரியது. லீவர், வில், வெட்டி முடித்த சாவிப் பல் ஆகியவை திராவகத் தொட்டிக்கோ மின்தொட்டிக்கோ செல்லாதிருப்பதே நன்று.

மின்தொட்டி செய்யமாட்டாத வேலைகளும் உள. கண்ணுக்குத் தெரியும் அரக்கோடு அதில் மறையாது. கோட்டின் விளிம்பு மழுங்கி, ஒளிரும் கோடாய் நிற்கும், அவ்வளவே. அரத்தையும் குருந்தத் தூளையும் கைவிட்டுவிட்டு மின்சாரத்தை நம்புவோர் பளபளக்கும் கரடுமுரடையே பெறுவர். கடைசலுக்கு எளிதாகும்பொருட்டு ஈயம் கலந்த பித்தளை கருமை கட்டிக் குழிவிழும். வார்ப்பிரும்பில் கரி கலந்திருப்பதால் இரும்பு கரையக் கரையக் கரி மேலே நிற்கும். திண்டுக்கல் பூட்டின் இரும்புக் கூட்டுக்கு அரமும் சக்கரமும் எண்ணெயுமே இன்னும் தகுந்தவை.

செலவை நோக்கினால் மின்சாரம் அதில் சிறு பங்கே. பத்துத் தகடுகளை ஒரே தடவையில் மாட்டினால் 100 ஆம்பியர் வேண்டும். எனினும் ஆறு வோல்ட்டுக்குள் அடங்குவதால் அது 600 வாட்டுக்கு மேற்படாது. மாற்று மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக்கும் ரெக்டிபையர், திராவகம் தாங்கும் தொட்டி, அமிலம், புகைக்குழாய், கழுவும் தொட்டிகள், இவற்றை நடத்தத் தெரிந்த ஆள் என்பனவே பெருஞ்செலவு. தனி வீடு ஒன்று இதனைத் தாங்காது; தாங்க முயன்றால் புகைக்குழாயையும் கழுவும் தொட்டியையும்தான் முதலில் குறைக்கும். பல குடும்பங்களின் தகடுகளை ஒரே கொட்டகையில் மெருகிட்டுத் திருப்பித் தரும் ஏற்பாடு, கூட்டுறவுச் சங்கத்துக்கு இயல்பாய்ப் பொருந்துவது.

கலவைச் சூத்திரம் விற்போர் சிலர் உலவுவர். அதில் என்ன இருக்கிறதென்று அவர் சொல்லாவிடில் அதை வாங்கலாகாது. 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மின்முலாம்சாலை ஒன்றில், அலுமினியத்தை மின்சாரத்தால் மெருகிடுவதற்கு வைத்திருந்த பெர்க்ளோரிக் அமிலக் கலவை வெடித்தது. அக்கட்டடம் தரைமட்டமாயிற்று, சுற்றிலும் இருந்த வீடுகள் சேதமாயின, 17 பேர் மாண்டனர். அக்கலவை மெருகேற்றுவதில் வல்லது என்பதில் ஐயமில்லை. சூடேறாமலும் வேறு பொருள் படாமலும் காக்கவேண்டிய அதைக் காக்க முடியாமற் போயிற்று. பாஸ்பாரிக் அமிலம் இவ்வாறு வெடிக்கும் தன்மையதன்று. ஆயினும் மின்தொட்டியின் எதிர்த்துருவத்தில் ஹைட்ரஜன் வாயு பிறப்பதால் அருகே பீடியும் நெருப்பும் கூடா.

சந்தேகம் தெளியத் தூர தேசம் போகவேண்டுவதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது அது. உலோகத்தையும் மின்சாரத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே அமைந்த அந்நிலையம் பூட்டு நகரத்துக்கு அண்டையிலேயே இருப்பது பெரும் பேறு. பத்துத் தகடுகளை எடுத்துச் சென்று அறிந்தோரிடம் காட்டி, தங்கள் பித்தளைக்கு எம்முறை ஒக்கும் என்று கேட்டபின் தொட்டி வாங்குவது, வாங்கியபின் கேட்பதைவிட மலிவு.

மெருகிட்ட பித்தளை அப்படியே நில்லாது. திராவகத்தினின்றோ மின்தொட்டியினின்றோ எடுத்ததை நன்றாக அலசி, சலவைச் சோடா கரைத்த நீரில் காட்டி, மறுபடி அலசி, சூடான மரத்தூளில் புரட்டி ஈரம் போக்க வேண்டும். வெறுங்கையால் தொட்ட விரல் அடையாளம் ஒரு வாரத்தில் கறுப்பாய்த் தோன்றும். பென்சோட்ரையசோல் என்னும் மருந்து கரைத்த நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்து, அதன்மேல் தெளிந்த வார்னிஷ் பூசினால் ஒளி நீடிக்கும்.

போன உலோகம் சேரும் இடம்

மேற்கூறிய தகட்டினின்று கரைந்த 2 கிராமில், நூற்றுக்கு 70 பங்கு செம்புள்ள பித்தளையாயின், 1.4 கிராம் செம்பு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. கணக்கிட்டால், ஒரே ஒரு தகட்டினின்று கரைந்த செம்பு 700 லிட்டர் தண்ணீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. நாளொன்றுக்கு நூறு தகடு மெருகிடும் கொட்டகை, தன் திராவகத்தைப் பின்புறத்துக் குழியில் கொட்டிவந்தால் விளைவு யாதாகும் என்று விரிக்க வேண்டுவதில்லை.

திண்டுக்கல் சமவெளி தண்ணீர் மிகுந்த நாடன்று. குடகனாறு பெரும்பாலான நாட்களில் மணலாறு; உழவுக்கும் குடிக்கும் கிணறே கதி. அக்குடகனாற்றின் மேற்பாகத்தில், தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் கிணறுகளில் உப்பேறிப் பயிருக்கும் குடிக்கும் உதவாமற் போனதை அவ்வட்டாரத்தார் கண்கூடாகக் கண்டிருக்கின்றனர். பாறைப் பிளவுகளின் வழியே ஓடும் நிலத்தடி நீரில் ஒருமுறை இறங்கியதை மீட்டெடுப்பது ஒரு தலைமுறையில் ஆகும் காரியமன்று. தோல் தொழிலால் வந்த வழக்கைப் பூட்டுத் தொழிலும் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

செய்யத்தக்கது கடினமன்று. மின்தொட்டியிலிருந்து தகட்டை எடுத்தவுடன் தொட்டிக்கு மேலேயே அரை நிமிஷம் பிடித்திருந்தால் ஒட்டிய அமிலத்தில் பெரும்பகுதி சொட்டி மீளும், அமிலமும் மிச்சம். பிறகு கழுவுவதற்கு மூன்று தொட்டிகளை வரிசையாய் வைத்து, நல்ல தண்ணீரை மூன்றாவதில் மட்டும் விட்டு, அது வழிந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து முதலாவதுக்கும் வரும்படி அமைக்க வேண்டும். தகடு முதல் தொட்டியிலிருந்து மூன்றாவதை நோக்கிச் செல்லும். தண்ணீர் எதிர்முகமாய் வரும். ஒரே தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதற்கு ஆகும் தண்ணீரில் மிகச் சிறு பங்கே இதற்குச் செலவாகும். கிணறு வற்றும் மாதங்களில் இதன் அருமை தெரியும்.

முதல் தொட்டியில் சேரும் நீரையும் பழுதான திராவகத்தையும் சிமெண்டுத் தொட்டி ஒன்றில் சேர்த்து, சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாய் விட்டுக் கலக்க வேண்டும். பழுதான திராவகத்தை முதலில் நிறையத் தண்ணீரில் மெல்ல ஊற்றி நீர்க்கச் செய்துகொள்வது அவசியம். கலவையின் புளிப்பு மாறிச் சிறிது காரம் ஏறியதும் செம்பும் துத்தநாகமும் சேறாய்ப் பிரிந்து அடியில் இறங்கும். நிறம் மாறும் காகிதத்தால் சோதித்து, பி.எச். அளவு 9-ஐ ஒட்டி நிறுத்த வேண்டும். நல்லதென்று சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் துத்தநாகம் மறுபடி கரையும். ஓரிரவு தெளியவிட்டு மேல்நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 1974-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி, இத்தகைய கழிவை வெளியேற்றத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். தொட்டி கட்டுமுன்பே அதற்கு விண்ணப்பிப்பது உசிதம். அடியில் தங்கிய சேறு எருவன்று. குப்பைமேட்டிலும் வயல் வரப்பிலும் கொட்டாமல், மூடியுள்ள பீப்பாயில் மழை படாத இடத்தில் வைத்து, எடையும் தேதியும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுதி, அபாயக் கழிவை ஏற்க அனுமதி பெற்ற நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். அவ்வனுப்புச் செலவையும் ஒரு தகட்டுக்கு இவ்வளவென்று மெருகுக் கூலியிலேயே சேர்த்து விதித்துவிட்டால், ஆண்டு முடிவில் பீப்பாய்க்குப் பணமில்லை என்னும் பேச்சு பொதுச் சபையில் எழாது.